புலியைப் பார்க்காத புலிக் கணக்கு: முண்டந்துறைக் காட்டிலிருந்து

முதல் நாள்

பாபநாசம் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு சாஷே என்று பிளாஸ்டிக்காக இருந்ததெல்லாம் அங்கேயே மேஜைக்குப் போய்விட்டது. எவர்சில்வர் பாட்டிலும் டிபன் டப்பாவும் மட்டும் மிஞ்ச, ஜீப் மலையேறியது. சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் ஆற்றில் தண்ணீர் நிறையவே போகிறது. ஆடி அமாவாசைக்கு மனிதத் தலையாகத் தெரியும் இடம், தை மாதக் கடைசியில் இப்படி வெறிச்சென்று கிடக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் மழைக்காலத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலராக விண்ணப்பித்திருந்தேன், கூப்பிட்டார்கள். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள் நான். பாடப் புத்தகத்தில் உணவுச் சங்கிலியைப் படமாக வரைந்து காட்டியே காலம் போய்க்கொண்டிருந்தது. அது நடக்கிற இடத்தை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி தினமும் நடந்ததை இங்கே எழுதுகிறேன். எந்த பீட் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் இருக்கும் காட்டுப் பகுதி), எந்த கேம்ப், எந்த ஓடை என்பதை மட்டும் எழுத மாட்டேன். கண்ணி வைக்கிறவனும் இணையம் படிக்கிறான். கூட நடப்பவர்களின் பெயர்களும் இதில் வராது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முண்டந்துறை 1962இல் சரணாலயமானது, களக்காடு 1976இல். இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். மையப் பகுதியின் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். தாமிரபரணியும் அதில் வந்து சேரும் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, ராமநதி, பச்சையாறு எல்லாமும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குழாயைத் திறக்கிறவர்கள் இந்தக் காட்டைத்தான் குடிக்கிறார்கள். எனக்குப் புலி முக்கியமாகப் படுவதற்கு இது பெரிய காரணம். புலிக்காகக் காத்த காடு நமக்குத் தண்ணீராக இறங்கி வருகிறது.

மதியம் வரை பயிற்சி. முதல் மூன்று நாள் ஒவ்வொரு குழுவும் தன் பீட்டில் தினம் ஐந்து கிலோமீட்டர் போல நடந்து புலி, சிறுத்தை, செந்நாய், கரடி விட்டுச்சென்ற தடயங்களைப் பதிய வேண்டும். அடுத்த மூன்று நாள் காலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து மான், மிளா (கடமான்), காட்டுமாடு, பன்றி போன்ற இரை விலங்குகளை எண்ண வேண்டும். புலிகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பது தானியங்கி கேமராக்களின் வேலை. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது என்பதால் படத்தை வைத்தே பிரித்துவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் கண்ணாடித் தகட்டைக் கால்தடத்தின் மேல் வைத்து வரைந்து, அதை வைத்தே இது இன்ன புலி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004-05 வாக்கில் புலியே மிச்சமில்லை என்று தெரிய வந்தது, அதுவரை காகிதத்தில் புலிகள் இருந்தன. அந்த அடிக்குப் பிறகு முறையே மாறியது. 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க ஒரே முறையில் கணக்கெடுக்கிறார்கள். அந்த முதல் கணக்கில் நாட்டுக்கே 1,411 புலிதான் வந்தது. தமிழ்நாட்டுக்கு 76. 2022இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 306.

கல்லூரிப் பையன் ஒருவன் கடைசியில் கேட்டேவிட்டான். “சார், புலி பாக்க முடியுமா?”

பயிற்சி கொடுத்த வனவர் கோபப்படவில்லை. “பாத்தா எழுதுங்க. பாக்கலன்னா, பாக்கலன்னு எழுதுங்க. நடந்துட்டு ஒண்ணும் எழுதாம வந்தீங்கன்னாதான் எனக்குப் பிரச்சினை.”

சாயங்காலம் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தோம். ஒரே அறைக் கட்டடம், சுற்றி யானை அகழி, அகழிக்கு மேல் இரண்டு பலகை போட்ட பாலம். இரவில் பலகையை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். சோலார் விளக்கு ஒன்று. பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வருகிறது. அங்கிருந்துதான் இதைப் போடுகிறேன்.

இரண்டாம் நாள்

எங்கள் குழுவில் நான்கு பேர். வனக்காப்பாளராக ஒரு பெண், இருபத்தாறு வயது இருக்கும், என்னை “அக்கா” என்கிறாள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்த மூத்தவர், நான் அவரை அண்ணாச்சி என்கிறேன், அவருக்கு நான் “டீச்சர்”. இன்னொருவன் அவருடைய அக்கா மகன்.

காலை ஆறரைக்கு வரக்காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அண்ணாச்சி முன்னால், கையில் அரிவாள். அவருக்குப் பின்னால் கார்டு, அதாவது அந்த வனக்காப்பாளர் பெண். அவள் போனில் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி ஓடுகிறது. நாம் நடக்கிற பாதை முழுக்க அதில் கோடாகப் பதிவதால், கேம்ப்பில் உட்கார்ந்துகொண்டு நடந்ததாக எழுத முடியாது. தடயம் கண்ட இடத்தில் நின்று, எந்த விலங்கு, எச்சமா கால்தடமா நகக்கீறலா, புதுசா பழசா என்று தட்டி, படமும் எடுக்க வேண்டும். எனக்குக் காகிதப் படிவம். அதே விவரத்தைப் பேனாவால் எழுதுவது என் வேலை.

முதல் இரண்டு மணி நேரம் தேக்கும் வேங்கையுமான காய்ந்த காடு. சருகு காலடியில் நொறுங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அண்ணாச்சியின் கால் மட்டும் சத்தம் போடவில்லை. கவனித்துப் பார்த்ததில் அவர் சருகை மிதிப்பதே இல்லை. கல், வேர், வெறும் மண் என்று தேடித்தேடிக் கால் வைக்கிறார், ஆனால் நடையின் வேகம் குறைவதில்லை.

ஒரு திருப்பத்தில் நின்றார். பாதை நடுவே எச்சம். காய்ந்து வெளுத்திருந்தது. உட்கார்ந்து ஒரு குச்சியால் பிரித்தார். உள்ளே முரட்டு ரோமம், பழுப்பாக, கம்பி கம்பியாக. ஒரு விரற்கடை அளவுக்கு எலும்புத் துணுக்கு. சின்னக் குளம்பு ஒன்றின் நுனி, கறுப்பாக, இன்னும் பளபளப்பு போகாமல்.

“மிளா ரோமம் டீச்சர். குளம்பு சிறுசு, குட்டியா இருக்கும். இது சிறுத்தை. புலி எச்சம் இதவிடத் தடிமனா வரும். இப்பிடி அடிக்கடி முறுக்கு விழாது.”

“எவ்வளவு நாள் ஆயிருக்கும் அண்ணாச்சி?”

“வெளுத்துப் போச்சு பாத்தியளா, மழையும் நனைச்சிருக்கு. ஒரு மாசத்துக்குக் குறையாது. பழசுன்னு போடுங்க.”

நான் எழுதினேன்: சிறுத்தை, எச்சம், பழையது. குட்டியின் குளம்பை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு கரடி எச்சம் இரண்டு இடத்தில். ஒன்றில் இலந்தைக் கொட்டை நிறைய, இன்னொன்றில் கறையான் தலைகள். மரப்பட்டையில் நகம் இழுத்த தழும்பு ஒன்று. யானைப் பிண்டம் (சாணம்) பல இடங்களில், எல்லாம் பழையது. மாட்டுச் சாணமும் ஓரிடத்தில் இருந்தது, அதையும் பதிந்தோம். ஊர் மாடு காட்டுக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். மேய்ச்சல் மாடு புல்லைத் தின்பதோடு நோயையும் கொண்டுவந்து மானுக்குக் கொடுத்துவிடும்.

புலித் தடயம் இன்று இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கும் சேர்த்து அந்த வரியில் பூஜ்யம்.

மூன்றாம் நாள்

இன்றைய பாதை ஓடையை ஒட்டி. நேற்றைப் போல இல்லை, இன்று காடு பேசிக்கொண்டே இருந்தது.

இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் செந்நாய்க் கூட்டத்தின் கழிப்பிடம். ஒரே இடத்தில் புதியதும் பழையதுமாக எச்சங்கள் கிடந்தன. கூட்டத்து நாய்கள் எல்லாம் இப்படிச் சந்திப்புகளில் போடுவது தங்கள் எல்லையைச் சொல்வதற்காக. கார்டு ஒவ்வொன்றையும் படமெடுத்து முடிக்கும் வரை அண்ணாச்சியின் அக்கா மகன் நாலாபுறமும் பார்த்தபடி நின்றான். அவனுக்குச் செந்நாய் பயமில்லை, யானை பயம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க அடிக்கடி மண்ணைக் கிள்ளித் தூவிக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு மேல் ஓடை மணலில் இறங்கினோம். அண்ணாச்சி கையை மட்டும் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். ஈர மணலில் தடம். நான்கு விரல், நடுவே உள்ளங்கால் மெத்தை, நகம் பதியவில்லை. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். என் உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தேன், விரல்களைக் கூட்டி வைத்தால் தடத்துக்குள் அடங்கிவிட்டது. விளிம்பில் மணல் இன்னும் சரியவில்லை. ஓடையின் இந்தக் கரையில் இறங்கி, தண்ணீரில் நின்று, திரும்பவும் இதே கரையில் ஏறிப் போயிருக்கிறது. ஏறிய இடத்தில் புல்லில் சொட்டிய தண்ணீர் காய்ந்திருக்கவில்லை.

“பெரியவர்தான்” என்றார் அண்ணாச்சி மெதுவாக. அவர் புலி என்ற சொல்லைக் காட்டுக்குள் உச்சரிக்கவே இல்லை.

ஸ்கேல் வைத்து நீளம், அகலம் எடுத்தோம். படம் எடுத்தோம். புதியது என்று எழுதும்போது என் கை நடுங்கியது. கார்டு தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் மொதத் தடவை இப்படித்தான்க்கா” என்றாள். பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அது போன திசையை விட்டு விலகி, பதிந்திருந்த பாதையிலேயே மேலே நடந்தோம்.

நான் இதுவரை பார்த்த புலிகள் எல்லாம் வண்டலூரில் பார்த்தவை. அவை எதுவும் இந்த மணல் தடம் தந்ததைத் தரவில்லை. ஒரு உயிர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, நம்மைப் பற்றிய நினைப்பே இல்லாமல், தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு அப்படிப் போக ஓர் இடம் இருக்கிறது.

இரவு மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சட்னி. கிழங்கு காணி குடியிருப்பிலிருந்து வந்தது. சட்னி கண்ணில் தண்ணீர் வரவழைத்தது, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள்

தடயம் தேடும் கடைசி நாள். ஏற்றம். காய்ந்த காடு முடிந்து பசுமைமாறாக் காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது, சட்டை ஈரமானது. அட்டை இந்த மாதத்தில் குறைவு என்றார்கள். குறைவு என்றாலும் ஆளுக்கு நாலைந்து.

வெடிப்பலா பூக்கத் தொடங்கியிருக்கிறது. மரத்தின் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கிற பூ அது. இதழே கிடையாது, சதைப்பற்றான புல்லி வட்டம்தான். சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலையணிலும் பகலில் அதைத் தின்னும், இரவில் மரநாய் வரும். தின்னுகிற வாக்கில் முகத்தில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். பூச்சியையும் பறவையையும் விட்டுவிட்டு குரங்கையும் மரநாயையும் நம்பி மகரந்தச் சேர்க்கை நடத்தும் மரம் என்று இந்த மலைகளில் நடந்த ஆய்வில்தான் கண்டுபிடித்தார்கள். மேலே கூட்டமாகச் சிங்கவால் குரங்குகள் இருந்தன. பிய்த்துப் போட்ட பூக்கள் எங்கள் தலையிலும் தோளிலும் விழுந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தேன், புளித்த வாசனை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். கணக்கில் இதற்கு வரி இல்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

அடர்ந்த காட்டில் தடயம் பார்ப்பது கடினம். இலை மூடிய தரையில் தடம் விழாது, எச்சத்தை வண்டுகள் ஒரே நாளில் தின்றுவிடும். எழுதியது இரண்டே வரி: சிறுத்தை எச்சம் ஒன்று, காட்டுமாட்டுச் சாணம் ஒன்று.

இறங்கும்போது அண்ணாச்சியின் ஷூவைப் பார்த்தேன். இடது கால் அடிப்பாகம் பிளந்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். பாறையும் ஈரமும் எந்த ஷூவையும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் விடுவதில்லையாம். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ரோந்து நடக்கிற கால். இவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். கண்ணியை அறுத்து எடுப்பதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், கேமராவை மரத்தில் கட்டி வாரக்கணக்கில் பேட்டரி மாற்றுவதும் இவர்கள்தான். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் பதிவாயின. உலக சாதனை என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த 26,838 இடங்களுக்கும் யாரோ ஒருவர் இப்படி நடந்துதான் போயிருப்பார்.

ஐந்தாம் நாள்

நேர்கோட்டு நடை. நேராக என்றால் நேரேதான். பாதை கிடையாது. திசைகாட்டி சொல்கிற கோட்டில் முன்பே மரங்களில் பெயின்ட் அடையாளம் வைத்து, முள்ளை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும், விலங்குகள் மேய்கிற நேரம் அது. பேச்சு அறவே கூடாது.

ஒரு விலங்கைப் பார்த்தால் நின்று ஐந்து விவரம் எடுக்க வேண்டும். என்ன விலங்கு, கூட்டத்தில் எத்தனை, அதில் குட்டி எத்தனை. நாம் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், அதைத் தூரமானி சொல்லும். எந்தக் கோணத்தில், அதைத் திசைகாட்டி சொல்லும். தூரம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். கோட்டுக்கு அருகில் நிற்கிற மான் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். எண்பது மீட்டரில் நிற்பது பாதி நேரம் தப்பிவிடும். தூரம் கூடக்கூட நம் பார்வை எவ்வளவு கோட்டை விடுகிறது என்பதைப் பல நடைகளின் தூரக் கணக்கிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அப்போது பார்த்ததோடு பார்க்காமல் விட்டதையும் சேர்த்து ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்ற அடர்த்தி வரும். மனிதக் கண்ணின் குறையையும் உள்ளே வைத்துப் போடுகிற கணக்கு. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதல் அறுநூறு மீட்டரில் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம் ஒரு மிளா, பெண். ஈச்சம் புதருக்குப் பின்னால் தலை மட்டும். காது இரண்டும் எங்களை நோக்கித் திரும்பியது. தூரமானி 42 மீட்டர் காட்டியது. அது முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டு தட்டி, வாலை உயர்த்தி, ‘டாங்க்’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனது. அதன் பின்னாலேயே குட்டி ஒன்று. எழுதினேன்: மிளா, 2, அதில் குட்டி 1.

முடிவில் கேளையாடு (குரைக்கும் மான்) ஒன்று. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அதே கோட்டில் 400 மீட்டருக்கு ஒருமுறை நின்று செடிகொடிக் கணக்கு. பதினைந்து மீட்டர் ஆர வட்டத்துக்குள் என்ன மரம், என்ன புதர் அதிகம். ஒரு மீட்டர் ஆர வட்டத்தில் புல் எவ்வளவு, சருகு எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு. உன்னிச்செடி (லன்டானா என்ற களைப் புதர்) ஏறியிருக்கிறதா. உன்னி ஏறிய வட்டத்தில் புல் இருக்காது, புல் இல்லாத இடத்தில் புள்ளிமான் இருக்காது.

அப்புறம் புழுக்கை. இரண்டு மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் முட்டி போட்டு, சருகைக் கையால் ஒதுக்கி எண்ண வேண்டும். மிளாப் புழுக்கை பெரிது, ஒரு முனை கூர்மையாக, மறுமுனை லேசாகக் குழிந்து. புள்ளிமானுடையது சிறியது. கேளையாட்டுடையது அதைவிடச் சிறியது. முயல் புழுக்கை உருண்டையாக, தட்டையாக, உதிர்த்தால் வைக்கோல் தூள். முதல் கட்டத்தில் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. மூன்றாவது கட்டத்தில் பார்த்தவுடன் பிரிக்கத் தெரிந்துவிட்டது. முட்டியில் முள், கழுத்தில் உண்ணி, வெயில் ஏறுகிறது. ஆனால் வாரம் ஒரு மானாவது கிடைத்தால்தான் ஒரு புலி பிழைக்கும். அந்த மான் இருக்கிறதா என்பதற்கான சாட்சி இந்தப் புழுக்கைதான்.

ஆறாம் நாள்

அதே கோடு. ஒன்றும் இல்லை.

இரண்டு கிலோமீட்டரும் நடந்து முடித்தபோது படிவத்தில் தேதி, நேரம், எங்கள் பெயர்கள் மட்டும் இருந்தன. எட்டு மணிக்குக் கோட்டுக்கு வெளியே, திரும்பும் வழியில், புள்ளிமான் கூட்டம் ஒன்று மிக அருகில் நின்றது. பன்னிரண்டுக்குக் குறையாது, இரண்டு கொம்பன்கள். நான் படிவத்தைப் பார்த்தேன், கார்டைப் பார்த்தேன். “நடை முடிஞ்சிட்டுக்கா” என்றாள். செயலியை அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். அந்த மான்களை எழுதவில்லை.

அண்ணாச்சி அப்போது சொன்னது: “டீச்சர், கூட்டிப் போட்டா நமக்குப் பெருமையா இருக்கும். நாளைக்கு இந்தக் காட்டுல மான் கொறைஞ்சு போச்சுன்னா யாருக்கும் தெரியாமப் போயிரும்லா?”

மதியம் மழை. பருவம் தப்பிய மழை, ஒரு மணி நேரம் அடித்தது. சாயங்காலம் முழுக்க வாக்கி டாக்கியில் மற்ற கேம்ப்புகளின் விவரம் வந்துகொண்டிருந்தது. ஒரு கேம்ப்பில் யானைக் கூட்டம் பாதையை மறித்து நடையே நடக்கவில்லை. அதையும் அப்படியே பதிவு செய்யச் சொன்னார்கள்.

கார்டு தங்கச்சியோடு நிறைய நேரம் பேசினேன். அவள் ஊர் மலையடிவாரம். அவள் பாட்டி காலத்தில் தினமும் தலைச்சுமையாக விறகு எடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. 1990களில் உலக வங்கி உதவியோடு அடிவாரக் கிராமங்களில் கிராம வனக்குழுக்கள் அமைத்து, சாண எரிவாயு, கறவை மாட்டுக் கடன், சிறுதொழில் கடன் என்று கொடுத்தார்கள். விறகுக்குப் போவது மெல்ல மெல்லக் குறைந்தது. “பாட்டி விறகு எடுத்த அதே பாதையிலதான் இப்ப நான் ரோந்து போறேன்க்கா” என்றாள். காட்டைக் காப்பது என்றால் துப்பாக்கியும் வேலியும் என்று நினைப்பவர்களிடம் இவளைத்தான் காட்ட வேண்டும். அடுப்புக்கு வேறு வழி செய்து கொடுக்காமல் எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது.

ஏழாம் நாள்

கடைசி நடை. நேற்றைய மழையில் சருகு ஊறியிருந்ததால் சத்தமில்லாமல் நடக்க முடிந்தது. காட்டுமாடுகள் ஐந்து, கோட்டின் வலப்பக்கம் 65 மீட்டரில், அதில் கன்று ஒன்று. மூங்கில் அடியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய காளை தலையைத் தூக்கி மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. நாங்கள் எழுதி முடிக்கும் வரை அசையாமல் நின்றோம், அவையும் போகவில்லை. பிறகு மலையணில் ஒன்று. மிளா இன்று குரல் மட்டும் கொடுத்தது, கண்ணுக்குப் படாததால் எண்ணிக்கையில் சேராது.

மதியம் ஜீப் வந்தது. வனச்சரக அலுவலகத்தில் படிவங்களை ஒப்படைத்தோம். செயலியின் பதிவையும் என் காகிதத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நேரம் இரண்டு நிமிடம் வித்தியாசம், அதையும் கேட்டுத் திருத்தினார்கள். ஆறாம் நாளின் வெற்றுப் படிவத்தை வனவர் தனியாக எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, மற்றவற்றோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்.

வர விரும்புகிறவர்களுக்கு: வனத்துறை அறிவிப்பு வரும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், எல்லா முறையும் தன்னார்வலர்களை எடுப்பதில்லை. ஏற்ற இறக்கத்தில் தினமும் பத்து கிலோமீட்டர் நடக்கிற உடம்பு வேண்டும், வீட்டில் இருக்கும்போதே பழகிவிடுங்கள். காக்கி, பச்சை, பழுப்பு நிற உடை மட்டும். செண்ட், வாசனை சோப்பு வேண்டாம். அட்டைக்கு நீளச் சாக்ஸ், உண்ணிக்கு வேப்பெண்ணெய், டார்ச், பழைய செய்தித்தாள் கொஞ்சம், அது ஈர ஷூவுக்குள் திணிக்க. புலியைப் படமெடுக்க வருகிறவர்கள் தயவுசெய்து சஃபாரிக்குப் போங்கள். இங்கே ஓர் இடம் வீணானால் ஒரு பீட்டின் கணக்கு வீணாகும்.

இன்னொன்று. கேம்ப்பில் இருக்கிற காவலர்களின் ஷூ அளவைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். 7, 8, 8, 9, 10. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வாங்குகிறோம். மற்ற கேம்ப்புகளுக்கும் தேவை இருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டிலும் இருக்கும். தர நினைப்பவர்கள் நேரே கேம்ப்புக்குப் போகாமல் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அடியில் ரப்பர் பிடிமானம் நன்றாக உள்ள புது ஷூவாக இருக்கட்டும், பழையது வேண்டாம்.